இரண்டு வலது கைகள்

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று ஆபரேசன் தியேட்டரில் பெரிய கேஸ் எதுவும் இல்லை. இரண்டு குடலிறக்கம், ஒரு இடுப்பெலும்பு. கருவிகளை அவிக்கிற இயந்திரம் மறுபடி மக்கர் செய்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வயசாயிட்டு சிஸ்டர்" என்றான். எனக்கும்தான் ஆயிற்று, நான் வேலை செய்யவில்லையா என்று கேட்டேன்.

மேசைக்கு வந்த மூன்று பேர் கையிலும் கயிறு. கத்தரிக்கோலை எடுத்தவுடன், "அது சாமி கயிறு சிஸ்டர்" என்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். எந்தச் சாமி தெருவுக்கு ஒரு நிறம் பிரித்துக் கொடுத்ததாம்? இந்த ஊரில் மணிக்கட்டைப் பார்த்தே ஆள் எந்தச் சாதி என்று சொல்லிவிடுவார்கள். ஆபரேசனுக்கு வருகிறவன் உடம்பில் நூலோ நகையோ இருக்கக் கூடாது என்று விதி எழுதியவன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். மூன்றையும் வெட்டிக் குப்பை வாளியில் போட்டேன். நிறங்களை இங்கே எழுதமாட்டேன். என் நோட்டுக்குள்ளாவது அந்தச் சனியன் வராமல் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் கொம்பையா சாப்பிடாமல் படுத்திருக்கிறான். என் அண்ணன் மகன். இருபத்திரண்டு வயது, கழுதைப் பிடிவாதம். அவன் பிறந்த வருடம்தான் என் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டுப் போனார். அண்ணன் மாடியில் ஓர் அறை கொடுத்தார். மதினிக்குப் பிரசவத்துக்குப் பிறகு வெகுநாள் எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டியது, பால்புட்டி கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் விட்டது எல்லாம் நான்தான்.

நேற்றுக் கபடிப் போட்டியில் மேலத்தெருக்காரன் ஒருவன் ஊர் பார்க்க இவன் கன்னத்தில் அறைந்துவிட்டானாம்.

"யாருல அடிச்சது?"

"புரோட்டா போடுத நாயி அத்த."

"விட்டுத் தள்ளு. ஒரு அறைதான? கன்னம் தேஞ்சா போச்சு?"

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வரும் என்று எழுதுகிறேன்.

மத்தியானம் வெட்டுக் கேஸ் வந்தது. பெயர் உச்சிமாகாளி. புரோட்டா மாஸ்டர். கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவனை உள்ளே புகுந்து வெட்டியிருக்கிறார்கள். தலையில் ஒன்று, தோளில் ஒன்று. வலது மணிக்கட்டு முக்கால்வாசி அறுந்து தொங்கியது. ரத்தமும் மைதாவும் கலந்து முழங்கை வரைக்கும் அப்பியிருந்தது. துடைக்கத் துடைக்கப் பசை மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. இருபது வருடமாக வெட்டுக் காயம் பார்க்கிறேன். இப்படி மாவோடு பார்த்ததில்லை.

அவனுக்கு நினைவு இருந்தது. இடது கையால் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"சிஸ்டர், கைய எடுத்துராதிய. செத்தாலும் பரவால்ல. கை இல்லாம எங்க ஆத்தா மூஞ்சில முழிக்க முடியாது."

"எடுக்க விடமாட்டேன்" என்றேன். ஏன் சொன்னேன்? வாய்க்கொழுப்பு. அதைச் சொல்ல நான் யார்?

மயக்கம் கொடுத்தாயிற்று. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. ஜெயகர் சார் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல சர்ஜன், கோபக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"கையை எடுத்துட்டு ஆளைக் காப்பாத்துவோம். ரம்பம் கொடுங்க."

"கையை எடுக்க வேண்டாம்னு சொன்னான் சார்."

"அவன் என்ன டாக்டரா?"

"அவன் கை சார்."

"சுவர் இருந்தாத்தான் சித்திரம் சிஸ்டர். இந்த நரம்பை எல்லாம் ஒட்ட வைக்க எனக்குத் தெரியாது. ரம்பம்."

உறை போட்ட கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றேன். கொடுக்கவில்லை. அவனிடம் கேட்டால் இப்போது சொல்ல முடியாது. மயங்கிக் கிடக்கிறவனுக்கு அந்த அறையில் நான் ஒருத்திதான் வாய். "நஸ்ரின் மேடத்துக்கு ஒரு போன் போடுங்க சார். வரமுடியாதுன்னு சொன்னா நானே ரம்பம் எடுத்துத் தாரேன்" என்றேன். அவர்தான் எங்கள் பிளாஸ்டிக் சர்ஜன். தங்கை நிக்காஹ் என்று லீவில் இருந்தார்.

"மேசையிலயே செத்துட்டான்னா அவங்க அம்மாகிட்ட நீங்க போய்ச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

சார் போன் போடச் சொன்னார்.

நஸ்ரின் மேடம் கல்யாண மண்டபத்திலிருந்து பட்டுச் சேலையோடு வந்தார். கை நிறைய மருதாணி. அதற்குள் ஒருமுறை அவன் இதயம் தடுமாறியது. ஜெயகர் சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடம் ரத்தக்குழாயை ஒவ்வொன்றாகத் தேடித் தைத்தார். சார் தன் வேலையை முடித்துவிட்டும் போகவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். பொழுது சாய்ந்த பிறகு விரல் நுனி வெதுவெதுப்பானது. பிறகு சிவந்தது.

வெளியே அவன் அம்மா கீழே விழுந்து என் காலைத் தொட வந்தாள். விலகிக்கொண்டேன்.

யார் வெட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. அது எங்கள் வேலை இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கொம்பையா வீட்டில் இல்லை. திருப்பூரில் வேலை கிடைத்து நேற்றே போய்விட்டானாம். நல்லது. இந்த ஊரில் இருந்து எவன் உருப்பட்டான்.

அவன் பைக்கைக் கழுவி வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் தண்ணீர் காணாத பைக்.

மதினி கொல்லையில் ஒரு சட்டையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெந்நீர் அண்டா. "ஆவுட, இந்தக் கறை போவ மாட்டேங்கு" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். வெந்நீர் ஊற்றினால் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வையுங்கள் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். தியேட்டர் துணிக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

சட்டைக் கையின் மணிக்கட்டுப் பட்டியில் கறை வெள்ளையாகவும் இருந்தது. மைதா ஒட்டினால் காய்ந்து அப்படித்தான் நிற்கும். வேறு எதுவாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 16, சனி

சாயந்திரம் அண்ணன் மாடிக்கு வந்தார். மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்று இரண்டு வருடமாக ஏறாதவர். கையில் வாழைக்காய் பஜ்ஜி.

"ஏளா, அந்த மேலத்தெருப் பய எந்த வார்டுல கெடக்கான்?"

"எந்தப் பய?"

"தெரியாத மாரி கேக்காத. அவம் பொழச்சு வாக்குமூலம் குடுத்தாம்னா நம்ம பிள்ள கதி என்ன? தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடணும்ளா."

"கொம்பையா திருப்பூர்ல இருக்காம்லா அண்ணே? அவனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அண்ணன் பஜ்ஜியை வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான் சாப்பிடவில்லை, காக்காய்க்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

லீவு நாள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உச்சிமாகாளியை ஆண்கள் வார்டிலிருந்து நாய்க்கடி அறைக்கு மாற்றிவிட்டேன். கடைக்கோடியில் இருக்கிற இருட்டு அறை. வெறிநாய் கடித்து முற்றிப்போனவர்களை வைக்கிற இடம் என்பதால் துப்புரவுப் பணியாளர்கள்கூட எட்டிப் பார்க்கமாட்டார்கள். இப்போது ஆள் இல்லை. கழுவி, சாம்பிராணி போட்டு, கட்டில் போட்டாயிற்று. காயத்தில் சீழ் வைக்காமல் இருக்கத் தனி அறை வேண்டும் என்று ஜெயகர் சாரிடம் சொன்னேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

"என்ன சிஸ்டர், நாய்க்கடி ரூம்ல போட்டுட்டிய?"

"குரைக்காம கெட. எல்லாம் நல்லதுக்குத்தான்."

உச்சிமாகாளி முதன்முறையாகச் சிரித்தான். சிரித்தால் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறான். மேல் பல்வரிசையில் ஒன்று கோணல்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பார்வையாளர் நேரத்தில் வந்தார்கள். மூன்று பேர். முகத்தில் துண்டு. ஒருவன் கையில் ஆரஞ்சுப் பழப் பை. பழத்துக்கு அடியில் அரிவாள். வாசலில் நிற்க வேண்டிய போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

நான் வார்டில் கட்டுத் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் கட்டில் கட்டிலாகப் போய்ப் படுத்திருந்தவர்களின் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். கயிற்றைத் தேடினார்கள். எங்கள் வார்டில் எவன் கையில் கயிறு இருக்கிறது? அத்தனையும் நான் வெட்டியது. யார் எந்தத் தெரு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உச்சிமாகாளி முன்பு படுத்திருந்த கட்டிலுக்குப் போனார்கள். அதில் நேற்று ராத்திரி வேறு ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், பெயர் சுப்பையா. தலையிலும் முகத்திலும் கட்டு, வலது கையில் கட்டு. அந்தக் கட்டிலைக் காலியாக வையுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லையே. போர்வையை இழுத்தார்கள், வெட்டினார்கள். தோளில் விழுந்தது. அவர் "நான் இல்லய்யா, நான் இல்லய்யா" என்று கத்தினார். யார் இல்லை என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பக்கத்துக் கட்டில்காரர் குளுக்கோஸ் கம்பியோடு கீழே உருண்டார். சுவரில், மருந்து ட்ரேயில், என் கண்ணாடியில் எல்லாம் ரத்தம்.

நான் ஓடிப்போய்ச் சுப்பையா மேல் குப்புற விழுந்தேன். விழுந்து திரும்பினால் ஒருவன் அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். துண்டுக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. மற்ற இருவரும் அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

சுப்பையாவை உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொள்வார். தோள் பழையபடி ஆகாது. சாரம் ஏறுகிற வேலை இனி இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தார்.

"உங்க மேல ஓங்குனவன் ஏன் சிஸ்டர் வெட்டாம விட்டுட்டான்?"

"தெரியாது சார்."

"ஆள அடையாளம் தெரியுமா?"

"துண்டு கட்டியிருந்தான்."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தலைக்குக் குளித்தேன். இன்னும் ரத்த வாடை போகவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

உச்சிமாகாளிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. விரலை லேசாக மடக்குகிறான். நஸ்ரின் மேடம் வந்து பார்த்துவிட்டு அவன் கையில் பஞ்சு உருண்டை ஒன்றைக் கொடுத்து அமுக்கிப் பழகச் சொன்னார். போகும்போது என் முதுகில் தட்டிக் கொடுத்தார். என்னமோ நான் தைத்த மாதிரி.

கட்டு மாற்றும்போது அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். வலி தெரியாமல் இருக்கட்டும் என்று ஏதாவது கேட்பது வழக்கம்.

"கை சரியானதும் முதல்ல என்னல செய்வ? எனக்கு ஒரு புரோட்டா போட்டுத் தருவியா?"

"ஒங்களுக்கு இல்லாமலா சிஸ்டர்? ஆனா அது ரெண்டாவது."

"முதல்ல?"

"கொம்பையா." அவன் எனக்கு யார் என்று தெரியாமல் பஞ்சு உருண்டையை அமுக்கினான். "கடைக்குள்ள வந்தவம் அவந்தான். நான் கண்ணால பாத்தேன். போலீசுட்ட சொல்ல மாட்டேன். போலீசு கொண்டு போயி வச்சுகிட்டா நான் என்னத்த வெட்டுதது? இந்தக் கையாலதான் வெட்டணும். அவம் வெட்டுன இதே கையால."

சின்னப் பிள்ளைச் சிரிப்பு மறுபடி. அந்தக் கோணல் பல்.

கட்டைப் போட்டேன். கொஞ்சம் இறுக்கினேன். இன்னும் கொஞ்சம். இறுகினால் ரத்தம் ஓடாது. விரல் நீலமாகும், பிறகு கறுக்கும். யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். ஒட்ட வைத்த கை தங்கவில்லை என்று போய்விடும். எத்தனையோ கை தங்குவதில்லை.

"சிஸ்டர், விண்ணுவிண்ணுங்கு" என்றான்.

அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டினேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்ன ஜென்மம் நான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

உச்சிமாகாளி கை சரியாகும் வரைக்கும் காத்திருக்க அவன் அண்ணன் தம்பிகளுக்குப் பொறுமை இல்லை. நேற்று எங்கள் தெருவில் ஒரு வைக்கோல்படப்பு எரிந்தது. இன்று காலையில் மதினியின் சித்தப்பா மகனை வாய்க்கால் பாலத்தில் மறித்து, "கொம்பையா எங்கல?" என்று கேட்டுக் காதை அறுத்துவிட்டார்கள். அவரை நான்தான் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாதிக் காதை ஒரு பிளாஸ்டிக் கப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

கொம்பையா திருப்பூரில் இல்லை. மதினியின் ஊரில், வாழைத் தோட்டத்து மோட்டார் அறையில் இருக்கிறான். இன்று மதினி தூக்குச்சட்டியில் சோறு கட்டும்போது அவளாகவே சொன்னாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னாளா, தெரியட்டும் என்று சொன்னாளா, தெரியவில்லை.

எப்படி யோசித்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. அவர்கள் கையில் கிடைத்தால் துண்டு துண்டாகத்தான் தியேட்டருக்கு வருவான். போலீஸ் கையில் இருந்தால் உயிரோடு இருப்பான். ஜெயில் என்றாலும் சுவர் இருக்கிறது, பூட்டு இருக்கிறது. சுப்பையாவின் மனைவி தினமும் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் முகத்தையும் நான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்ஸ்பெக்டரை ஆஸ்பத்திரி மரத்தடியில் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன். கடைக்குள் போனவனும் வார்டுக்கு வந்தவனும் யார் என்றும் சொன்னேன், எங்கே இருக்கிறான் என்றும் சொன்னேன்.

"என் பிள்ளை சார் அவன். மேல கை வைக்கக் கூடாது. கோர்ட்டுல எப்படி நிறுத்தணுமோ அப்படி நிறுத்துங்க."

"ஒரு கீறல் இல்லாம நிறுத்துதேன் சிஸ்டர். எங்க அம்மாவும் நர்சுதான்."

நம்பினேன். இந்த வேலையில் இருந்துகொண்டும் நம்பத்தான் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 27, புதன்

விடியுமுன் தோட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடித்துவிட்டார்களாம். மதினி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "எவளோ காட்டிக் குடுத்துட்டா, அவ குடும்பம் வெளங்குமா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். மத்தியானம் எழுந்து எனக்குச் சோறு போட்டு, "நீ சாப்பிடு ஆவுட, வேலைக்குப் போறவ" என்றாள். அண்ணன் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கொம்பையாவைப் பிடித்துவிட்டார்கள் என்று உச்சிமாகாளியிடம் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பஞ்சு உருண்டையைக் கீழே போட்டுவிட்டான். எடுத்து அவன் கையில் திரும்பத் திணித்தேன். அமுக்கு, இல்லாவிட்டால் புரோட்டா மாஸ்டர் வேலை போய்விடும் என்று அதட்டினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் மேசையைத் தயார் செய்துகொண்டிருந்தேன். எலும்பு முறிவு, கைதி, போலீஸ் காவல் என்று மட்டும் சொன்னார்கள். சக்கரப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது முதலில் பாதம் தெரிந்தது. பாதத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

வலது கை தோள் வரை வீங்கியிருந்தது. உள்ளங்காலில் வரிவரியாகத் தடிப்பு. உதடு கிழிந்திருந்தது. கூட வந்த ஏட்டு மனப்பாடம் செய்த மாதிரி சொன்னார்: "ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்."

ஜெயகர் சார் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தார். முன்கை எலும்பு இரண்டும் ஒரே கோட்டில் முறிந்திருந்தன. மூன்று விரல்கள் நொறுங்கியிருந்தன. "இது விழுந்த முறிவு இல்ல. ஒரு கட்டையில வச்சு அடிச்சிருக்காங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு, "அவன் வாயால சொன்னா நான் எழுதுறேன் சிஸ்டர். எழுதிட்டா மாஜிஸ்ட்ரேட் பார்ப்பார். திரும்ப அந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனா அவன் சொல்லணும். நானா எழுதினா நிக்காது" என்றார். அவன் எனக்கு யார் என்று அவருக்குத் தெரியும். என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

ஏட்டும் காவலரும் மேசை பக்கம் வந்து நின்றார்கள். "ஷூ போட்டுக்கிட்டு தியேட்டருக்குள்ள யாரும் நிக்கக் கூடாது" என்றேன். "கைதிய விட்டுட்டுப் போக முடியாதும்மா" என்றார் ஏட்டு. "கை நொறுங்குனவன் எங்கய்யா ஓடப் போறான்? வெளிய போங்க!" என்று கத்திவிட்டேன். இந்தத் தியேட்டரில் நான் அப்படிக் கத்தியதில்லை. போனார்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

மயக்க ஊசி தயாராக இருந்தது. சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து அவன் காதருகில் போனேன்.

"கொம்பையா, கை எப்படிப்பா முறிஞ்சுது?"

"வழுக்கி விழுந்துட்டேன்."

"அவிய வெளிய இருக்காவ. கதவு பூட்டியாச்சு. ஒரு வார்த்த சொல்லுல. சார் எழுதிருவாவ. திரும்ப அங்க அனுப்ப மாட்டாவ. நான் விடமாட்டேன்."

அவன் மேலே எரிகிற பெரிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணோரம் ஈரம் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கப் போனேன். தலையை விலக்கிக்கொண்டான்.

"ஒங்ககிட்ட சொன்னா அது எங்க போவும்னு எனக்குத் தெரியும்" என்றான்.

"ஐயா, நான் ஒன் உசுரு நிக்கணும்னுதான..."

"வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக்கிடுங்க, சிஸ்டர்."

சார் அப்படியே எழுதினார்.